எழுந்திருக்கும் முன் ஒரு சிரிப்பு

உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த மூட்டை வேண்டாம், அது மிளகாய் வற்றல். அதில் உட்கார்ந்து எழுந்தால் சாத்தூர் போய்ச் சேரும்வரை என்னை ஏசிக்கொண்டே போவீர்கள். இந்த ஸ்டூலில் உட்காருங்கள், துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறேன். மாவு மில்லுக்குள் சலவை வேட்டியோடு நுழைகிறவர் மாப்பிள்ளை விசாரிக்க வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று உங்களைப் பார்த்ததுமே நினைத்தேன். நல்ல நாள் பார்த்து வந்தீர்கள். இன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை, மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று நிறுத்திவிடுவார்கள். மற்ற நாள் வந்திருந்தால் மோட்டார் சத்தத்தில் நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் கேட்பது எனக்குக் கேட்காது.

எதிர் வீட்டு உலகநாதனைப் பற்றித்தானே? தாராளமாகக் கேளுங்கள். தெருவில் இத்தனை பேர் இருக்க நேராக இந்த ஆவுடையப்பனிடம் வந்தீர்கள் பாருங்கள், அதிலேயே உங்கள் அனுபவம் தெரிகிறது. டீக்கடைக்காரனிடம் கேட்டிருந்தால் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருப்பான். மளிகைக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் தங்கமான பையன் என்பார், அவருக்கு வியாபாரம் நடக்க வேண்டும். நான் நடுநிலை. இந்தக் கல்யாணம் நடந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை, நடக்காவிட்டாலும் ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பையன் சினிமாவை விட்டுவிட்டான்.

நீங்கள் கேட்கவில்லை, தெரியும். கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று அவன் அம்மா செண்பகவல்லி மதினியின் உத்தரவு. "தம்பி, சாத்தூர்லேருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வருவாங்க. இஞ்சினியருக்குப் படிச்சிருக்கான், கம்ப்யூட்டர்ல வேலை பாக்கான், சினிமாவை விட்டுட்டான். இந்த மூணைத் தவிர வாயைத் திறக்காதீங்க" என்றாள். மூன்றையும் சொல்லிவிட்டேன். இஞ்சினியருக்குப் படித்தது சத்தியம். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதும் சத்தியம். எப்போது எட்டிப் பார்த்தாலும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். அதில் என் முகம் ஓடிக்கொண்டிருக்கும்.

என் முகம் அதில் எப்படி வந்தது என்கிறீர்களா? அதைச் சொன்னால் சினிமாவைப் பற்றிப் பேச வேண்டி வரும். விட்டுவிட்டதைப் பற்றிப் பேசினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். பீடியை விட்டவன் பீடியைப் பற்றிப் பேசுவதில்லையா?

படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போய் ஒரு டைரக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தான். அந்த மனிதரின் மகனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டான், கூட்டி வந்தான், வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தான். அந்தப் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டது. படம் மட்டும் ஆரம்பிக்கவே இல்லை. இவன் ஊருக்கு வந்துவிட்டான். நானே சின்னப் படமாக எடுக்கிறேன் என்றான். யார் யாரையோ கேட்டிருக்கிறான் நடிப்பதற்கு. ஒருத்தரும் சரிவரவில்லை.

ஒருநாள் பச்சரிசி மாவு நிறையத் திரித்துப்போட்டுவிட்டு, களைப்பில் மூட்டை மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். தலை, மீசை, இமை எல்லாம் மாவு. ஏதோ நிழலாடுகிற மாதிரி இருந்தது. பார்த்தால் உலகு நிற்கிறான், கண் கலங்கியிருக்கிறது. "சித்தப்பா, அப்படியே இருங்க. அசையாதீங்க" என்றான். மேலே பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்து நானும் அசையாமல் இருந்தேன். போனில் படம் பிடித்துக்கொண்டான். என்னை வைத்துப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னான். என்ன வேஷம் என்று கேட்டேன், கதாநாயகன் என்றான். படத்தில் எவ்வளவு நேரம் வருவேன் என்று கேட்டேன், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை என்றான். அவன் பொய் சொல்லவில்லை அண்ணாச்சி. முதலிலிருந்து கடைசிவரை வந்தேன். செத்துப்போய் வந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கும் அவனுக்கும் வழக்கே இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்துக்கு 'மூன்றாவது விசில்' என்று பெயர். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண்பிள்ளை அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷனோடு பேசிக்கொண்டே இருக்கிறாள். அவர் பதிலே சொல்லவில்லை. கோபம்போல என்று முதலில் ஏசுகிறாள், பிறகு சமாதானம் பேசுகிறாள், பிறகு மகன் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஞாபகப்படுத்துகிறாள். மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்க்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. அந்தப் புருஷன் நான்.

அவன் வீட்டுக் கூடத்திலேயே எடுத்தான். எனக்கு ஒரு பழைய கட்டம் போட்ட சட்டையை எடுத்து வந்து கொடுத்தான். தோளில் பிடித்தது. கதாநாயகனுக்குப் புதுச் சட்டை கிடையாதா என்று கேட்டேன், இதுதான் வேண்டும் என்றான். நாற்காலியை அங்கே போட்டான், இங்கே போட்டான், திருப்தியே இல்லை. கடைசியில் ஜன்னல் ஓரம் தெருவைப் பார்க்கப் போட்டான். மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனவள், எல்லாம் முடிகிறவரை வெளியே வரவே இல்லை. வீட்டை இப்படிக் குப்பையாக்கினால் எந்தப் பொம்பளைக்குத்தான் கோபம் வராது.

பிணமாக இருப்பது லேசு என்று நினைக்காதீர்கள். மூச்சு விடலாம், ஆனால் விடுவது தெரியக் கூடாது. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது, நான் அசையவில்லை. ஈயும் அசையவில்லை. உலகு என் காதருகில் வந்து, "ஈ பிரமாதம் சித்தப்பா" என்றான், ஏதோ நான்தான் கூட்டி வந்த மாதிரி. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது காலையில் திரித்த மிளகாய் வேலையைக் காட்டிவிட்டது. தும்மிவிட்டேன். கேமரா பிடித்துக்கொண்டிருந்த கல்யாண ஸ்டுடியோ பையன் தரையில் உருண்டு சிரித்தான். உலகு சிரிக்கவில்லை. "நீங்க தும்மினா அவர் உயிரோட இருக்காருன்னு ஆயிரும் சித்தப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஒரு தும்மலுக்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கு ஆச்சரியம். தொழில் பக்தி உள்ளவன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

யாரம்மா அது? மல்லி திரிக்கவா? வைத்துவிட்டுப் போ தாயி, கரண்ட் வந்ததும் திரித்து வைக்கிறேன். சாத்தூரிலிருந்து ஆள் வந்திருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கே விட்டேன்? ஆம், சிரிப்பு. சினிமாவில் ஒரு முறை உண்டு அண்ணாச்சி, உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிணமாக நடித்தவர், எழுந்திருக்கும் முன்பே, அந்த மாலையோடு அந்த இடத்திலேயே கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துவிட வேண்டும். அப்போதுதான் செத்தது நடிப்புக் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் வேறு கணக்கில் சேர்ந்துவிடும். எத்தனை பெரிய நடிகராக இருந்தாலும் இதைச் செய்யாமல் எழுந்திருக்க மாட்டார்களாம். அன்றைக்கு எல்லாம் முடிந்தது, நான் சிரிக்கத் தயாராகிறேன், கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. "நாளைக்கு எடுத்துக்கலாம் சித்தப்பா" என்று உலகு சொல்ல, விவரம் தெரியாமல் நானும் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்காரி வேலம்மாள் கேட்ட முதல் கேள்வியே, சிரித்தீர்களா என்பதுதான். அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்றேன். அன்றிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த வாரமே மில்லில் பெல்ட் அறுந்தது. கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. அதற்கு மேல் கேளுங்கள், எங்கள் தெருக் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வீடு வீடாக வரி கேட்டு வந்தவர்கள் என் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். ஏன் என்று ஓடிப்போய்க் கேட்டால், உங்களை மறந்தே போனோம் அண்ணே என்கிறார்கள். உயிரோடு இருக்கிறவனை யாராவது வரி கேட்க மறப்பார்களா? வேலம்மாள் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

போய் உலகுவைப் பிடித்தேன். அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, இப்போதே சிரியுங்கள் என்றான். அது எப்படிச் செல்லும்? செத்துக் கிடந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் முன் சிரிப்பதுதானே முறை. நடுவில் நான் குளித்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், ராஜபாளையம்வரை போய் வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தோம். ஒரே வழிதான் இருந்தது. நான் இன்னொரு தடவை சாக வேண்டும்.

அப்படித்தான் இரண்டாவது படத்தில் நடித்தேன். ஆசைப்பட்டு அல்ல, பரிகாரத்துக்கு. அதில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறேன். மகன் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை அப்பாவை வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து பெட்டி வாடகையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். கதை நல்ல கதைதான். ஆனால் நான் விட்ட மூச்சில் கண்ணாடி முழுக்கப் புகைபோல மூடிக்கொண்டது. மூடியை ஒரு பக்கம் குச்சி வைத்துத் தூக்கி, துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். கடைசியில் சொன்னபடி சிரித்தேன், பல் தெரியச் சிரித்தேன். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் ஒரே பனி. அதற்குள் சிரிக்கிறேனா அழுகிறேனா, இருப்பது நானா வேறு யாராவதா என்று எனக்கே தெரியவில்லை. வேலம்மாள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, செல்லாது என்று சொல்லிவிட்டாள்.

கரண்ட் வந்துவிட்டது போலிருக்கிறது, பல்பு எரிகிறது. இருக்கட்டும். மல்லி எங்கேயும் ஓடிப்போகாது.

மூன்றாவது படத்தில் ஜாக்கிரதையாக இருந்தேன். பெட்டி வேண்டாம், பெஞ்சு போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, இரண்டு பேட்டரி வைத்திருந்தான். பெஞ்சில் நான் கிடக்கிறேன். எல்லாரும் காரியத்துக்கு ஆள் பார்க்கப் போய்விட, மகன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நடந்த வேடிக்கையை எல்லாம் அப்பாவிடம் சொல்கிறான். உயிரோடு இருக்கும்போது சொல்லாமல் விட்டதெல்லாம். மகனாக உலகுவே நடித்தான், வேறு ஆள் கிடைக்கவில்லையாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான், சிரிக்க முடியாமல் நிறுத்துகிறான், மறுபடி சொல்கிறான். நான் கண்ணை மூடிக் கிடந்தாலும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எடுத்து முடித்து, மாலையோடு படுத்தபடியே கேமராவைப் பார்த்து அருமையாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். பளிச்சென்று வந்தது. வேலம்மாள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

பிறகு என்ன செய்தான் தெரியுமா இந்தப் பையன்? என் சிரிப்பை வெட்டிப் படத்தின் கடைசியில் ஒட்டிவிட்டான். மகன் வேடிக்கை சொல்லி முடிக்கிறான், செத்துக் கிடக்கும் அப்பா கண்ணைத் திறந்து சிரிக்கிறார். படம் முடிந்தது. கேரளத்துப் பக்கம் ஏதோ ஒரு விழாவில் போட்டார்கள், எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம், பரிசும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு சால்வை வந்தது. சால்வையை வைத்து என்ன செய்ய? அது நடிப்பு இல்லையே அண்ணாச்சி, அது என் சொந்தச் சிரிப்பு. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்குச் சிரித்த சிரிப்பு. அதையும் பிணத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டான். ஆக மூன்று தடவை செத்திருக்கிறேன், ஒரு தடவைகூட முறைப்படி பிழைக்கவில்லை.

அந்தப் பரிசைப் பார்த்து சென்னையில் ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டார். பெரிய படமாக எடுக்கலாம், கதை சொல் என்றார். இவன் உருகி உருகிச் சொல்லியிருக்கிறான். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பிணத்தைப் பேயாக மாற்றிவிட்டால் நாளைக்கே பூஜை போடலாம் என்றாராம். இவன் எழுந்து வந்துவிட்டான். எனக்கு மனசே ஆறவில்லை. பேய் என்றால் குறைந்தது நடமாட்டம் உண்டு, வசனம் உண்டு. ஏன்டா விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டேன். "அவர் யாரையும் பயமுறுத்த மாட்டார் சித்தப்பா" என்றான். இல்லாத ஒரு ஆளுக்காக இவ்வளவு பிடிவாதம். பிழைக்கத் தெரியாதவன்.

கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், இவனுக்கு வேறு கதையே தோன்றாதா? எப்போது பார்த்தாலும் வீட்டுக் கூடத்தில் ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார். சண்டை இல்லை, பாட்டு இல்லை. படித்த பையன் புத்தி இப்படியா போக வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? இவன் அப்பாவா? பிச்சையா அண்ணன். நல்ல மனிதர், தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்த்தார், சத்தமாகப் பேசத் தெரியாது. இவன் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். மாரடைப்பு. ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே. மதினி அடுப்படியில் சமைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியவே இல்லை. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா தூங்குகிறார் என்று பையை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். பாவம்.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி? ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? ஓ, பரம்பரை வியாதியா இருக்குமோ என்று பயப்படுகிறீர்களா? அதெல்லாம் இல்லை. பையனுக்கு நெஞ்சு நன்றாக இருக்கிறது. மலைமேல் கோவிலுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஏறுவான்.

ஆனால் நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு ஒன்று. கல்யாணம் முடிந்ததும் சாத்தூரில் உங்கள் பெயிண்ட் கடையில் அவனை உட்கார வைக்கப் போவதாக மதினி சொன்னாள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். அவன் பெயிண்ட் கடையில் எப்படி இருப்பான் என்று மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. ஒருவர் வந்து வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பார். இவன் அவரோடு போய் அந்தச் சுவரைப் பார்ப்பான். மழைநீர் வடிந்த கறையையும், பிள்ளைகள் கிறுக்கியதையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இதை இப்படியே விட்டுருங்க, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். இந்த மாதிரி இரண்டு வாடிக்கை போதும், கடையை மூடிவிடலாம். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து எங்கோ பார்ப்பான். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, மறுபடி ஒரு தடவை நடந்து வாருங்கள் என்பான். நடக்கவும் செய்கிறார்கள், அது வேறு விஷயம். நான் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் ஒரே மகள். சுபாஷிணி என்றுதானே பெயர்? மதினி போட்டோ காட்டினாள், லட்சணமான பிள்ளை. அதனால்தான் சொல்கிறேன்.

சினிமாவை விட்டுவிட்டான்தான். ஆனால் அடுத்த படத்துக்கு எல்லாம் எழுதி முடித்துவிட்டான்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன், இனி என்ன. பெரிய படம், இரண்டு மணி நேரம். சென்னையும் வேண்டாம் தயாரிப்பாளரும் வேண்டாம், கூடப் படித்தவர்கள் சேர்ந்து எடுக்கிறார்கள். அதிலும் நான்தான். யாரும் சாக மாட்டார்களா என்று முதலிலேயே கேட்டேன். "இந்தத் தடவை இல்லை சித்தப்பா" என்றான். ஒரு அப்பா காலையில் எழுந்திருக்கிறார், வேலைக்குப் போகிறார், சாயங்காலம் வந்து மகனோடு பேசிக்கொண்டிருக்கிறார், மகன் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்கிறார். இதில் கதை எங்கே இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் வசனம், அண்ணாச்சி, பக்கம் பக்கமாக வசனம். அத்தனையும் எனக்கு. இந்த மோட்டார் ஓடும்போது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன், யாருக்கும் கேட்காது. முழுதும் மனப்பாடம். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு வாய் திறக்கச் சந்தர்ப்பம் வருகிறது, அந்த நேரம் பார்த்துப் பையன் சாத்தூரில் பெயிண்ட் டப்பா எண்ணிக்கொண்டிருந்தால் நான் எங்கே போவேன்?

இதை உங்களிடம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். நான் நடுநிலைதான்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? கோபமா? இல்லையா? ஏன் சிரிக்கிறீர்கள்?

யார் அனுப்பினது? உங்கள் மகளா? என்னிடமா? என்னை அவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்று படத்தையும் பார்த்திருக்கிறாளா? போனிலா? சின்னதாகத் தெரிந்திருப்பேனே. அழுதாளா? எந்த இடத்தில்? சொல்லுங்கள் அண்ணாச்சி, இதை எல்லாம் முதலில் சொல்ல வேண்டாமா. ஓ, அந்தச் சிரிப்பில் அழுதாளா. எல்லாரும் கை தட்டின இடத்தில் இவள் அழுதிருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை.

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம்பா, அந்தச் செத்துப்போனவர்கிட்ட மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றாளா? அப்படியேவா சொன்னாள்? சரிதான். அப்போ ஆவுடையப்பன் நடுநிலைக்காரன் என்று கேள்விப்பட்டு நீங்கள் வரவில்லை. பரவாயில்லை. என்ன கேட்கச் சொன்னாள், கேளுங்கள்.

ஐஸ் பெட்டிக்குள் என்னைப் படுக்க வைக்கும் முன்னால், அவன் படுத்துப் பார்த்தானா என்றா?

இது என்ன கேள்வி.

கொஞ்சம் இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரம் என்னவெல்லாமோ பேசினேன், இது மட்டும் என் நினைவில் வரவே இல்லை பாருங்கள். அதில் பாருங்கள் அண்ணாச்சி, அப்போது அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்டுடியோ பையன் சாப்பிடப் போயிருந்தான். நான் சொல்வதுதான் சாட்சி. இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் இப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவீர்கள், இல்லையா? அதற்குத்தானே மகள் கேட்கச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமும் இல்லை, பெயிண்ட் கடையும் இல்லை. உலகு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், பிறகு கேமராவை எடுத்துவிடுவான். ஒரு வார்த்தைதான்.

படுத்தான்.

படுத்தான் அண்ணாச்சி. நான் சட்டையைக் கழற்றப் போனேன், "நீங்க இருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு அவனே உள்ளே ஏறிப் படுத்தான். மூடியை வைக்கச் சொன்னான். மெஷினை ஓடவிடச் சொன்னான். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண்ணை மூடிக் கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தான். சின்னப் பிள்ளை முகம். எனக்குப் பிடிக்கவில்லை. போதும் வாடா என்று தட்டினேன், வரவில்லை. மறுபடி தட்டினேன். அப்புறம் நானே மூடியைத் தூக்கிவிட்டேன். உதடெல்லாம் நீலம். எழுந்து உட்கார்ந்து, "கால்தான் முதல்ல விறைக்கி. உங்களுக்கு சாக்ஸ் போட்டுருவோம், வேட்டிக்குள்ள தெரியாது" என்றான். தெற்குத் தெருவுக்கு ஓடிப்போய் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கி வந்து, கீழே உட்கார்ந்து அவனே என் காலில் மாட்டிவிட்டான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா மாட்டிவிடுகிற மாதிரி. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருத்தன்கூட என் காலைத் தொட்டதில்லை.

போதுமா? இதுதான் நடந்தது. இதற்கு மேல் நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

கண்ணைத் துடைக்காதீர்கள், கையில் மிளகாய் பட்டிருக்கும்.

எதிர் வீடுதான், பச்சைக் கதவு. நேராக உள்ளே போகலாம், மதினி பலகாரம் செய்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாக இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இவ்வளவு நேரம் பேசினதற்கு எனக்கு என்ன ஏச்சு கிடைக்கும் என்பது அவளுக்கும் எனக்கும் உள்ள விஷயம்.

என்ன? பெயிண்ட் கடையை இப்போதே சுபாஷிணிதான் நடத்துகிறாளா? கொள்முதல், கணக்கு எல்லாமா? உங்களையே கல்லாவில் உட்கார விடுவதில்லையா? அப்போ மாப்பிள்ளைக்குக் கடையில் வேலையே இல்லை. அட, இதை வந்ததும் சொல்லியிருந்தால் அந்தச் சுவர் கதையெல்லாம் நான் சொல்லியிருக்கவே மாட்டேனே. அதை மறந்துவிடுங்கள். நல்ல பையன், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். பேசி முடிக்கும்போது தேதி குறிக்கச் சொல்வார்கள். மதினி தை மாதம் என்பாள். நல்ல மாதம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் மட்டும் விட்டுக்கொடுக்காமல் மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். தை முழுக்க மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஷூட்டிங்.